காட்பாடியில் ரயில் ஏறிய மூவர்

(மருத்துவமனைப் பணியாளர் குடும்பக் கூடுகையில் எங்கள் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிப் படிப்புக்குப் பின் என்ன செய்யலாம் என்ற பொருளில் பேசும்படி எங்களைப் பணித்திருக்கிறார்கள். வழக்கமாக இந்தத் தலைப்புக்குக் கல்லூரி முதல்வரையோ பெரிய டாக்டரையோ அழைப்பார்கள். இம்முறை பழைய பட்டாளத்துக்காரரை அழைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று வாரங்களுக்கு முன் ஆண்கள் வார்டில் வேலை செய்யும் ஒரு தாய் நம்முடைய சிற்றாலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். விசாரித்தபோது, "ஐயா, என் பையன் அக்னிவீர்ல சேரணும்னு நிக்கிறான். நீங்களும் மிலிட்டரியில இருந்தவர்தானே. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பான்" என்றார். மறுநாள் அந்தப் பையனே வந்தான். "ஐயா, நீங்களும் மிலிட்டரியில இருந்தவர்தானே. என்னை விடச் சொல்லி அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க" என்றான்.

அன்றைக்கு இருவருக்கும் பதில் சொல்ல இயலவில்லை. ஜெபம் செய்து அனுப்பிவிட்டோம். இருவருடைய சம்மதத்தின் பேரில்தான் இதை இங்கே சொல்கிறோம். இருவரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஆலோசனை சொல்வதைவிட, எங்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுவது நேர்மை என்று தோன்றியது. "நான்" என்று சொல்லாமல் "நாங்கள்" என்றே சொல்லுவோம். பட்டாளத்தில் பழகிய பழக்கம். அதுவுமல்லாமல், எங்கள் தெருவிலிருந்து மூன்று பேர் ஒன்றாகப் போனோம். ஒருவனுடைய கதையை மட்டும் பிரித்தெடுத்துச் சொல்ல வரவில்லை.

ஒருவர் தையற்காரர் மகன், ஒருவர் வாத்தியார் மகன். மூன்றாமவனுடைய தகப்பனார் தோல் தொழிற்சாலையில் கூலி வேலை செய்தவர். வயதில் இளையவனும் அவன்தான். அவன்தான் இப்பொழுது உங்கள் முன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

1977ஆம் ஆண்டு பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யை முடித்தோம். பிளஸ் டூ வருவதற்கு முந்தைய காலம். எங்கள் வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது புதுமையல்ல. கம்மவான்பேட்டை என்ற ஊரை இராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்த ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் போய் வந்த தாத்தாமார் திண்ணையில் உட்கார்ந்து பர்மா, இத்தாலி என்று கதை சொல்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். நாட்டுப்பற்றினால் சேர்ந்தோம் என்று சொன்னால் மேடைக்கு அழகாயிருக்கும். உண்மை அதுவல்ல. மூன்று வேளைச் சாப்பாடு கிடைக்கும், வீட்டுக்குப் பணம் அனுப்பலாம், அக்காள் கல்யாணக் கடனை அடைக்கலாம். அவ்வளவுதான். கல்லூரி எங்கள் கணக்கிலேயே இல்லை.

ஆள் எடுக்கும் மைதானத்தில் ஒரு மைல் ஓடவிட்டார்கள். மார்பை அளந்து, மூச்சை இழுத்து விரிக்கச் சொல்லி மறுபடியும் அளந்தார்கள். விரிவு 5 சென்டிமீட்டர் வரவேண்டும். இளையவனுக்கு முதல் தடவை வரவில்லை. டேப்பைப் பிடித்திருந்த ஹவில்தார், "வீட்டில் சாப்பிட்டு வந்தாயா?" என்று கேட்டார். இல்லை என்றதும், ஓரமாய் உட்காரவைத்து, வாழைப்பழமும் தண்ணீரும் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்தார். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவர் அன்று வேறு விதமாய் நடந்திருந்தால் இந்த உரையே இல்லை.

மூவரையும் இராணுவ மருத்துவப் படைக்கு, நர்சிங் அசிஸ்டெண்டாக எடுத்தார்கள். காட்பாடியில் ரயில் ஏறி, சென்னையில் மாறி, டிரங்குப் பெட்டியின் மேல் தூங்கி லக்னோவுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கேதான் மருத்துவப் படையின் பயிற்சி மையம். எங்களுக்கு இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. பட்டாளத்தில் அந்நாட்களில் இந்தியை ஆங்கில எழுத்தில் எழுதிக் கற்பித்தார்கள். ஆகவே தேவநாகரி எழுத்துத் தெரியாமலே இந்தி பேசப் பழகினோம். இன்றும் எங்கள் இந்தி அப்படித்தான். வட இந்திய நோயாளிகள் கேட்டுச் சிரிப்பார்கள், ஆனால் புரிந்துகொள்வார்கள்.

விடியுமுன் எழும்ப வேண்டும். ஓட்டம், கவாத்து, பெட்டி சோதனை. போர்வையின் மடிப்பு ஒரு விரல் விலகியிருந்தால் உஸ்தாத் எல்லாவற்றையும் உதறித் தள்ளிவிடுவார். இதெல்லாம் எதற்கு என்று முதல் மூன்று மாதம் அழுதோம். பிறகு மருத்துவப் பயிற்சி தொடங்கியது. கட்டில் விரிப்பது, காய்ச்சல் அளப்பது, காயம் கட்டுவது, இரத்தம் நிறுத்துவது, உடைந்த தொடைக்குத் தாமஸ் கட்டை வைப்பது, ஆரஞ்சுப் பழத்தில் ஊசி போட்டுப் பழகுவது. இவற்றோடு மலச்சட்டியும் உண்டு. எங்கள் வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஊரில் மலம் அள்ளுகிறவரை வாசற்படிக்கு வெளியே நிறுத்திப் பேசும் வீட்டிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். உஸ்தாத் யாரையும் கேட்கவில்லை. இன்று உன் முறை, நாளை அவன் முறை, அவ்வளவுதான். திருச்சபையில் இதைப்பற்றி நாங்கள் கேட்ட பிரசங்கங்கள் அநேகம். நடந்து பார்த்தது லக்னோவில்தான்.

ஸ்டிரெச்சர் தூக்கும் பயிற்சியைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். பட்டாளத்தில் எல்லாரும் ஒரே காலை எடுத்து வைத்து நடக்க வேண்டும் என்று மாதக்கணக்காகக் கவாத்து கொடுப்பார்கள். ஆனால் ஸ்டிரெச்சரைத் தூக்கியதும், கால்களை மாற்றிப் போடச் சொல்வார்கள். முன்னால் போகிறவன் இடது காலை வைத்தால் பின்னால் வருகிறவன் வலது காலை வைக்க வேண்டும். ஒரே அடியாக நடந்தால் படுத்திருப்பவன் ஊஞ்சல்போல் ஆடுவான், உடைந்த எலும்பு நோகும். கவாத்தில் முதல் ஆளாய் நின்ற தையற்காரர் மகனுக்கு இதுதான் கடைசிவரை வரவில்லை. நம்முடைய வார்டு பையன்களுக்கு இதை நாங்கள் இன்றும் சொல்லிக் கொடுக்கிறோம்.

முதல் சம்பளத்தில் வீட்டுக்கு 100 ரூபாய் மணியார்டர் அனுப்பினோம். தபால்காரர் தெரு முழுக்கக் கேட்கும்படி அம்மாவைக் கூப்பிட்டாராம். அதற்குப் பிறகு எங்களுக்கு ஊர் என்பது ஆண்டுக்கு இரண்டு மாத விடுப்பும், 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்று முகவரி எழுதி வரும் இன்லண்ட் கடிதமும்தான். எந்த மலையில் இருக்கிறோம் என்று வீட்டாருக்குத் தெரியாது. எண் மட்டும் தெரியும்.

பட்டாளம் கொடுத்ததைச் சொல்லும்போது, எடுத்துக்கொண்டதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1981ஆம் ஆண்டு இளையவனுடைய தகப்பனார் மார்வலியால் இறந்துபோனார். தந்தி வந்து, விடுப்பு எழுதி, லாரியும் ரயிலுமாக மாறி மாறி வீட்டுக்கு வந்தபோது ஒன்பதாம் நாள். அடக்கம் முடிந்து கல்லறை மேல் போட்ட பூ காய்ந்திருந்தது. பிறருடைய தகப்பன்மார் அநேகருக்கு நாடி பிடித்துப் பார்த்த கை, சொந்தத் தகப்பனின் கையைப் பிடிக்கவில்லை. 1985இல் திருமணம். ஒன்பது ஆண்டு மணவாழ்க்கையில் குடும்பத்தோடு ஒரே கூரையின்கீழ் இருந்தது இரண்டு ஆண்டுதான். விடுப்பில் வந்தவரைப் பார்த்து மகள் "மாமா" என்று கூப்பிட்டாள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற எங்கள் துணைவியார் இப்பொழுது சிரிக்கிறார்கள். அன்று சிரிக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதை நாங்கள் இதுவரை மேடையில் சொன்னதில்லை.

1984 ஏப்ரலில் சியாச்சினில் நம்முடைய படைகள் ஏறின பின்பு, லடாக்கில் மருத்துவப் படையினருக்கு வேலை பெருகிற்று. வாத்தியார் மகன் பனிப்பாறை அடிவார முகாமில் இருந்தார். இளையவன் வேறொரு திசையில், உயரமான ஒரு காவல் நிலையில். அங்கே டாக்டர் இல்லை. டாக்டர் கீழே பட்டாலியன் மருத்துவ நிலையில் இருப்பார்; மேலே இருபத்தைந்து பேருக்கு ஒரு நர்சிங் அசிஸ்டெண்ட், ஒரு மருந்துப் பெட்டி, ஆக்சிஜன் சிலிண்டர்கள், ஒரு வயர்லெஸ். ஊரில் கம்பவுண்டரைக்கூட "டாக்டர்" என்பார்கள் அல்லவா, அங்கேயும் "டாக்டர் ஸாப்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

உயரத்தில் ஒரு நோய் வரும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். காற்று மெலிந்திருப்பதால் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் கசிந்து, மனிதன் உலர்ந்த மலைமேல் உட்கார்ந்துகொண்டே தண்ணீரில் மூழ்குகிறவனைப்போல் ஆகிவிடுவான். முன்பெல்லாம் இதை நிமோனியா என்றே நினைத்தார்கள். அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் ஹூஸ்டன் 1960இல் இதை விளக்கி எழுதினார். 1962 சீனப் போருக்குப் பின் சமவெளியிலிருந்து அவசரமாக மேலே ஏற்றப்பட்ட நம்முடைய வீரர்களில் பலருக்கு இது வந்தது. நம்முடைய இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் அவர்களை ஆராய்ந்து 1965இல் இலண்டன் லான்செட் இதழில் எழுதினார்கள். மலைமேல் ஏறுகிறவர் உடம்பைப் பழக்கிக்கொண்டு படிப்படியாக ஏறவேண்டும் என்பது பட்டாளத்தில் சட்டம். 2,700 முதல் 3,600 மீட்டர் உயரத்தில் ஆறு நாள், அடுத்த கட்டத்தில் நான்கு நாள், அதற்கும் மேலே நான்கு நாள். விடுப்பில் போய்த் திரும்புகிறவனும் மறுபடி பழக வேண்டும். நோய் வந்துவிட்டால் ஆக்சிஜன் கொடுத்து, தாமதமில்லாமல் கீழே இறக்க வேண்டும். இறக்குவதுதான் முதல் மருந்து.

இதெல்லாம் இளையவனுக்கு மனப்பாடம். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தான்.

1986 குளிர்காலத்தில் ஒரு ஜவான் விடுப்பு முடிந்து மேலே வந்தார். இருபத்திரண்டு வயது. தங்கை கல்யாணத்தை முடித்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த லட்டை எல்லாருக்கும் கொடுத்தார். இரண்டாம் நாள் இரவு ஏழு மணிக்கு வந்து தலைவலி, இருமல் என்றார். நாடி வேகமாயிருந்தது. வழியில் தங்க வேண்டிய நாள்களை எல்லாம் தங்கினீரா என்று கேட்டபோது, தங்கினேன் என்றார். தோழர்களைக் காணும் ஆசையில் அவர் பொய் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. மாத்திரை கொடுத்து, படுக்கவைத்தோம். பத்து மணிக்குப் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது என்றார். அப்பொழுதே இளையவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் வெளியே காற்று, இருட்டு. இறக்க வேண்டுமானால் எட்டுப் பேரை எழுப்ப வேண்டும், நிலையின் தலைவரை எழுப்ப வேண்டும். வெறும் ஜலதோஷமாயிருந்துவிட்டால்? இத்தனை பேரைப் பனியில் இழுத்தடித்தான் என்று சொல்வார்களே? விடியட்டும் பார்த்துக்கொள்ளலாம், ஆக்சிஜன் இருக்கிறதே என்று நினைத்தான்.

மூன்று மணிக்கு வாயில் இளஞ்சிவப்பாய் நுரை தள்ளியது. அதன் பிறகு எல்லாரையும் எழுப்பினோம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை, எட்டுப் பேர் கேட்டதற்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கயிறு கட்டி, ஸ்டிரெச்சரில் வைத்து இறங்கினோம். வழியெல்லாம் அவர் இளையவனுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தம் பாஷையில் ஜெபம் சொல்லச் சொன்னார். அவர் வேறு மார்க்கத்தார். அவருடைய ஜெபம் இளையவனுக்குத் தெரியாது. எந்த ஜெபமும் வாயில் வரவில்லை. ஸ்டிரெச்சரின் பின் பக்கம் பிடித்திருந்த நாயக் ஒருவர் அதைச் சொல்லிக்கொண்டே நடந்தார். சூரியன் வந்த நேரத்தில், கீழ்நிலைக்கு ஒரு மணி நேர தூரம் இருக்கையில், கை தளர்ந்தது.

விசாரணை நடந்தது. வழியில் தங்காமல் ஏறியதே காரணம் என்று எழுதி முடித்தார்கள். இளையவன்மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்றார்கள். ஐந்து மணி நேரம் அவனுக்குத் தெரியும், கோப்புக்குத் தெரியாது.

பிள்ளைகளே, பட்டாளம் தைரியம் கொடுக்கும் என்று சொல்வார்கள். துப்பாக்கிக்கு முன் நிற்கும் தைரியத்தைக் கொடுக்கலாம். தூங்குகிற மேலதிகாரியைச் சந்தேகத்தின் பேரில் எழுப்பும் தைரியம் வேறு வகை. அது எங்களுக்கு அந்த இரவுக்குப் பின்தான் வந்தது, ஒருவருடைய உயிரின் விலையில். இங்கே இரவு டூட்டியிலிருக்கும் நர்சுப் பிள்ளைகள் எங்களைக் கேலி செய்வது தெரியும்: "போதகரையாவைக் கேட்டா எல்லாத்துக்கும் டாக்டரை எழுப்புன்னுதான் சொல்வாரு." ஆமாம், சொல்வோம்.

அதற்குப்பின் இளையவனுக்கு ஓய்வு நேரமெல்லாம் சர்வ தர்ம ஸ்தலத்தில் கழிந்தது. பட்டாளத்தில் கோயில், குருத்துவாரா, மசூதி, தேவாலயம் எல்லாம் ஒரே கூரையின்கீழ் அமைத்திருப்பார்கள். பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாதிரியார் என்று மத போதகர்களும் படையிலேயே உண்டு. ஒரு பாதிரியாரிடத்தில் அந்த இரவைச் சொன்னபோது, அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அந்தத் தாய்க்குக் கடிதம் எழுதினாயா?" என்று மட்டும் கேட்டார். எழுத ஆறு மாதம் ஆயிற்று. தங்கையின் கையெழுத்தில் பதில் வந்தது: கடைசியில் கையைப் பிடித்திருந்தது யார் என்று அம்மாவுக்குத் தெரிந்தது போதும் என்று. ஐந்து மணி நேரத்தை அந்தக் கடிதத்தில் எழுதவில்லை. இன்றுவரை அது இளையவனுக்குச் சுமையாயிருக்கிறது.

பதினேழு ஆண்டு முடித்து, 1994இல் ஹவில்தாராகப் பென்ஷனோடு வீட்டுக்கு வந்தோம். முப்பத்து நான்கு வயது. தையற்காரர் மகனும் அதே ஆண்டில் வந்தார். பிரசவம் பார்ப்பதைத் தவிர ஒரு வார்டில் நடக்கிற வேலை எல்லாம் எங்களுக்குத் தெரியும் என்ற இறுமாப்போடு ஒரு பெரிய மருத்துவமனைக்கு விண்ணப்பம் கொண்டுபோனோம். அங்கே ஓர் அதிகாரி சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நர்சிங் கவுன்சில் பதிவு இல்லையே. வேண்டுமானால் வாட்ச்மேன் வேலை இருக்கிறது" என்றார். அவர்மேல் தவறில்லை, சட்டம் அப்படி. தையற்காரர் மகன் வங்கி ஒன்றின் வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்தார். தியேட்டரில் சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுத்த கை. இருபது ஆண்டு அந்த நாற்காலிதான்.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததல்ல என்பதைப் பல ஆண்டு கழித்து, இங்கே வந்திருந்த ஓர் அமெரிக்க டாக்டர் சொல்லி அறிந்தோம். அங்கேயும் பள்ளி முடித்ததும் கடற்படையில் சேர்ந்து, மருத்துவ உதவியாளராகப் பழகி, வெளியே வந்ததும் அந்தத் திறமைக்கு வேலை இல்லாமல் நின்ற பையன்கள் இருந்தார்கள். வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவப் பேராசிரியர் இருந்தார். டாக்டர் பற்றாக்குறையைத் தீர்க்க, முதலில் தெல்மா இங்கிள்ஸ் என்ற நர்சு ஆசிரியையோடு சேர்ந்து நர்சுகளுக்கே மேற்பயிற்சி கொடுக்க முயன்றார். அதற்கு நர்சிங் அமைப்பின் அங்கீகாரம் கிடைக்கவில்லை. பிறகு 1965இல், கடற்படையிலிருந்து வந்த நான்கு பேரை எடுத்து, இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, டாக்டருக்குக் கீழே நோயாளியைப் பார்க்கும் "பிசிஷியன் அசிஸ்டெண்ட்" என்ற புதிய தொழிலையே உண்டாக்கினார். 1967இல் மூன்று பேர் தேறி வந்தார்கள். 1969இல் சியாட்டிலில் ரிச்சர்டு ஸ்மித் என்ற டாக்டர், அதேபோல் படையிலிருந்து வந்த 15 பேருக்குப் பயிற்சி கொடுத்துக் கிராமத்து டாக்டர்களிடம் அனுப்பினார். இன்று அந்த நாட்டில் இத்தொழிலில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் 1992இல் சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம். செரியன் அவர்கள் இப்படிப்பைத் தொடங்கினார். நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்! எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் விசாரிக்கவில்லை. பட்டாளத்தில் எல்லாவற்றையும் உத்தரவாகக் கேட்டே பழகியவனுக்கு, தானாகப் போய் விசாரிக்கத் தெரியாது. இதுவும் பட்டாளம் எங்களில் உண்டாக்கிய குணம்தான். வெளியே வந்த முதல் ஆண்டு, காலையில் எழுந்து யாருடைய உத்தரவும் இல்லாமல் என்ன செய்வது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.

அந்தத் திண்ணையிலிருந்து எழுப்பினது எங்கள் துணைவியார்தான். "ராத்திரியில யார் பேரோ சொல்லிக் கூப்பிடுறீங்க. அதை வச்சுக்கிட்டு எத்தனை நாள் உக்காந்திருப்பீங்க? சபை ஐயர்கிட்ட போய்ப் பேசுங்க" என்றார்கள். அதன் பலன்தான் மதுரை அரசரடி இறையியல் கல்லூரி. முப்பத்தைந்து வயதில், பென்ஷன் பணத்தில் குடும்பத்தை நிறுத்திவிட்டு, இருபது வயதுப் பையன்களோடு கிரேக்கு எழுத்துப் படித்தோம். அங்கே எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்கச் சொல்வார்கள். பட்டாளத்துக்காரனுக்கு அது பெருந்துன்பம். முதல் ஆண்டில் வாய் திறக்கவில்லை. நூற்றுக்கு அதிபதியைப்பற்றிய பாடத்தில்தான் முதன்முதலாகக் கை தூக்கினோம். பேராசிரியர் அவனுடைய விசுவாசத்தைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பட்டதோ, அந்த அதிகாரி தன் வேலைக்காரன் சாகும்வரை காத்திராமல் நேரத்தோடே ஆளைத் தேடிப் போனானே என்பது.

படிப்பு முடிந்து சபை ஊழியத்துக்குப் போகாமல் மருத்துவமனையைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். தலைக்கு எண்ணெய் தேய்க்காத பெரியவருக்கு வாரிவிடுவது, சட்டி எடுத்து வைப்பது, படுக்கையில் புரட்டிப் போடுவது, இதெல்லாம் போதகருடைய வேலையா என்று ஆரம்பத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். லக்னோவில் கற்றதைத் தூர எறிய மனமில்லை.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், படுக்கையில்லாமல் மனிதர் ஆம்புலன்சிலேயே காத்திருந்ததை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். அந்நாட்களில் ஓர் இரவு இரண்டு மணிக்குத் தையற்காரர் மகன் போன் செய்தார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊரில் இருந்தார். அவருடைய தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். விரலில் மாட்டும் கருவியை ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு வீடு வீடாய்ப் போய்ப் பார்த்திருக்கிறார். "பக்கத்து வீட்டம்மாவுக்கு 88க்கு எறங்கிடுச்சு. காலையில பாத்துக்கலாம்னு அவங்க வீட்ல சொல்றாங்க. நான் காருக்குச் சொல்லிட்டேன். உன் ஆஸ்பத்திரியில இடம் இருந்தாலும் இல்லாட்டாலும் கூட்டிட்டு வரேன்" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "காலை வரைக்கும் காத்திருக்கக் கூடாதுன்னு நீ சொன்னது ஞாபகம் இருக்குடா" என்றார். அந்த இரவைப்பற்றி அவரிடம் ஒரு தடவைதான் சொல்லியிருந்தோம், 1987 விடுப்பில். அந்த அம்மாள் பத்தொன்பது நாள் கழித்து நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

வாத்தியார் மகனைப்பற்றிச் சொல்ல மறந்துவிட்டோம். பனிக்கடியில் கால்விரல் இரண்டு போயிற்று. ஊரில் விவசாயம் பார்க்கிறார். உள்ளே போனதற்கு வருத்தமா என்று கேட்டால், "இரண்டு விரலுக்கு மாசம் பென்ஷன் வருது, மத்த எட்டுக்கும் வரலியே" என்பார்.

இப்பொழுது அந்தத் தாய்க்கும் மகனுக்கும் வருகிறோம். எங்கள் காலத்துக் கணக்கு வேறு, இன்றைய கணக்கு வேறு; அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டப்படி சேர்கிறவருக்கு நான்கு ஆண்டுதான் பணி. அதில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் ஏறக்குறைய 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் சேவா நிதியோடு வெளியே வருவார்கள்; பென்ஷன் இல்லை. எங்களைத் தாங்கி, இறையியல் படிக்கவும் வைத்தது அந்தப் பென்ஷன்தான். தம்பி, இருபத்திரண்டு அல்லது இருபத்து மூன்று வயதில் நீ மறுபடி இந்த வாசலில் வந்து நிற்கக் கூடும். நாங்கள் முப்பத்து நான்கில் நின்றதைவிட அது ஒரு விதத்தில் நல்லது. மேலே படிக்க வயது இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும்போதே, கையில் எது பழகினாலும் அதற்கு வெளியே செல்லும் சான்றிதழ் எது என்று விசாரித்து வைத்துக்கொள். உத்தரவுக்குக் காத்திராதே. விடுப்பு முடிந்து எங்கே திரும்பிப் போனாலும், வழியில் தங்கச் சொன்ன நாள்களைத் தங்கு.

அம்மா, போகாதே என்று அவனுக்குச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவன் போனால் உங்களுக்கு என்ன நடக்கும் என்று எங்கள் துணைவியாரைக் கேளுங்கள்; அவர்கள் எங்களைவிட உண்மையாகச் சொல்வார்கள். கடந்த ஞாயிறு இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு இரண்டு பேரும் சொல்லவில்லை.

இப்பொழுது அவன் விடியற்காலை ஐந்து மணிக்கு மருத்துவமனைக்குப் பின்னாலிருக்கும் மைதானத்தில் ஓடுகிறான். நாங்கள் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண். போன சனிக்கிழமை 5 நிமிடம் 50 விநாடி. அன்றைக்கு அவனுடைய தாயும் இரவு டூட்டி முடிந்து, வீட்டுக்குப் போகாமல், வேலியோரத்தில் வந்து நின்றார்கள். கையில் இரண்டு வாழைப்பழமும் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தன.